பசுவந்தனைக் காடு விற்ற சேதி

கோவில்பட்டியில் யாரிடம் என்ன கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் என் வேலை. நடக்க வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்தில் நிதி திரட்டும் பொறுப்பு எனக்கு. மதுரையில் எங்களுக்கு வகுப்பெடுத்தவர்கள் இதை நன்கொடையாளர் ஆய்வு என்றார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கம்ப்யூட்டர் பெரிதாகத் தேவைப்படாது. சுவரில் ஒட்டியிருக்கும் நினைவஞ்சலி போஸ்டரைப் பார்த்தால் யார் வீட்டில் எந்த மாதம் திவசம் என்று தெரிந்துவிடும். கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் இருக்கும். கல்யாணப் பத்திரிகையைக் கடைசி வரி வரை படித்தால் எந்தத் தீப்பெட்டி ஆபீஸ்காரர் யாருக்குச் சம்பந்தி என்று புரியும். இதில் நான் கெட்டிக்காரி என்று ஆபீஸில் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

போன வருஷம் எங்கள் பழைய வேன் இனி ஓடாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளை அம்மாமார்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளைத் தூக்க முடியாமல் சிலர் வருவதையே நிறுத்தினார்கள். புது வேன் வாங்கித் தர ஆள் பார்க்கச் சொன்னார் எங்கள் செயலாளர்.

எனக்கு உடனே எட்டயபுரத்து உரக்கடை அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் பிள்ளைகளுக்கு இலை போட்டுச் சாப்பாடு போடுகிறவர். அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் சேர்ந்து வந்து பரிமாறுவார்கள். ஒரே மகன் வெளிநாட்டில். விசாரித்ததில், பசுவந்தனை பக்கம் அவர் பேரில் இருந்த கரிசல் காட்டு நிலத்தை ஒரு சோலார் கம்பெனிக்கு விற்றிருக்கிறார் என்று தெரிந்தது. முடித்துக் கொடுத்த புரோக்கர் என் அத்தானுக்குச் சிநேகிதர். வாங்கியது யார், எந்த மாதம் பதிவு நடந்தது, எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டேன். சரியான நேரம் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா காபி கொடுத்து, மிக்சரும் வைத்தார். போன தடவை தன் மடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்ட சின்னப் பெண் இப்போது எழுந்து நிற்கிறாளா என்று கேட்டார். நான் வேன் கதையைச் சொன்னேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, மக்காச்சோளத்தைப் பன்றி அழித்துவிட்டது, கடையில் கடன் திரும்பவில்லை, பார்ப்போம் என்றார்.

அவர் நழுவுகிறார் என்று எனக்குத் தோன்றியது. இப்படி நழுவினால், உங்கள் வசதி எங்களுக்குத் தெரியும் என்பதைப் பதமாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"பசுவந்தனைக் காடு நல்ல விலைக்குப் போச்சுன்னு கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. அதுல பிள்ளைகளுக்குன்னு ஒரு பங்கு எடுத்து வச்சா போதும்."

டம்ளரை எடுக்கக் குனிந்த அக்கா அப்படியே நிமிர்ந்தார்.

"எந்தக் காடு?"

அவர் கேட்டது என்னிடம். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எங்கப்பா எனக்குக் குடுத்த காடு. மருமகன் பேருல இருக்கட்டும்னு இவிய பேருல எழுதினாரு" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. யார் வாங்கியது என்று கேட்டார். சொன்னேன். எப்போது என்று கேட்டார். அதையும் சொன்னேன். கிணறும் சேர்த்தா, வேப்பமரம் நின்ற மேட்டையும் சேர்த்தா என்று கேட்டார். மொத்தமும்தான் என்றேன். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் வீட்டுச் சங்கதியை அவர் மனைவிக்கு நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணாச்சி வாசல் வரை வந்தார். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மகனுக்கு அங்கே வேலை போய்விட்டது, யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், அதனால்தான் விற்றேன் என்றார். "அவளுக்கு எப்படிச் சொல்லுததுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்துட்டேன். நீங்க என்னம்மா செய்வீங்க. வேன் விசயத்த நான் மறக்கல" என்றார்.

பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்காமல் வந்தேன். பார்க்கலாம் என்று சொன்னார் என்று செயலாளரிடம் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அக்கா எப்போதும்வென்றானில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். இதை நான் விசாரிக்கவில்லை, தானாக வந்த சேதி. சில மாதம் கழித்து ஒருநாள் அவர் எங்கள் பயிற்சிக்கூடத்துக்கு வந்து நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்ததும் நான் பின்னால் சாமான் அறைக்குள் போய், உடைந்த வாக்கர்களை அடுக்குகிற மாதிரி நின்றேன். அங்கேயே தேடி வந்துவிட்டார்.

மகனுக்கு அனுப்பியது போக மிச்சப் பணத்தை அண்ணாச்சி அக்கா கையில் கொடுத்துவிட்டாராம். அதில் வேன் வாங்கிக் கொடுக்கிறேன் என்றார். வேனில் தன் அப்பா பெயர் மட்டும் இருக்க வேண்டும், வேறு யார் பெயரும் வேண்டாம் என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ வரலேன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்காது பிள்ள. அதுக்காவ ஒன்ன வாழ்த்தணுமா வையணுமான்னு எனக்கே தெரியல" என்றார். அப்புறம் அந்தச் சின்னப் பெண்ணைப் பார்க்கப் போய்விட்டார்.

வேன் ஒப்படைக்கிற அன்று இருவரும் வந்தார்கள், வேறு வேறு பஸ்ஸில். போட்டோவுக்கு நடுவில் பிள்ளைகளை நிறுத்தி, ஆளுக்கு ஒரு ஓரத்தில் நின்றார்கள். அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தச் சொல்லி என் கையில் கொடுத்தார் செயலாளர். அண்ணாச்சி எனக்கு எட்டட்டும் என்று தலையைக் குனிந்து கொடுத்தார். ஆடை ஒரு பக்கம் வழுக்கியது. அவரே பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு செயலாளர் மைக்கில் என் பெயரைச் சொல்லி, இந்த வேன் இவருடைய முயற்சி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வேனின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அக்கா வியாழக்கிழமைதோறும் அந்த வேனிலேயே பிள்ளைகளோடு வந்து போகிறார். அன்று சாயங்காலம் அண்ணாச்சி எனக்குப் போன் பண்ணுவார். வேன் ஒழுங்காக ஓடுதா என்று தொடங்கி, "இன்னைக்கு அவ வந்திருந்தாளா?" என்பதில் முடிப்பார். வந்திருந்தாவ அண்ணாச்சி, நல்லா இருக்காவ என்பேன். அதற்கு மேல் அக்கா சொன்ன எதையும் சொல்வதில்லை. அண்ணாச்சி போன் பண்ணுவதை அக்காவிடமும் சொல்வதில்லை.

போன வாரம் செயலாளர் கூப்பிட்டார். பயிற்சிக்கூடத்துக்கு மேல்தளம் போட வேண்டும், உரக்கடைக்காரரை இன்னொரு தடவை பார்த்தால் என்ன என்றார். இனி அவர்கிட்ட ஒண்ணும் இல்லை சார் என்றேன். அது உண்மைதானா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.