ஆரும் சாகாத படங்கள்

பிரெஞ்சுப் படங்களைப் பற்றி யாராவது கதைத்தால் எனக்கு நடிகர்கள் நினைவுக்கு வருவதில்லை. ஒரு பிளாஸ்டிக் உறையின் மூலையில் ஒட்டியிருந்த சிவப்பு ஒட்டுப்பொட்டுத்தான் வரும்.

போர்நிறுத்தம் வந்து எங்கள் ஊருக்குப் பாதை திறந்த காலத்தில் பிரான்சிலிருந்து வந்த என் அண்ணா, கண்டாவளையில் கலியாணம் கட்டிக்கொண்டு லீவு முடியப் பறந்துவிட்டார். அண்ணி எங்கள் வீட்டில் விசாவுக்குக் காத்திருந்தார். அவர் பாஷை பழகட்டும் என்று அண்ணா பிரெஞ்சுப் படங்களை இறுவட்டில், அதுதான் சீடியில், அனுப்பினார். மனுசனுக்கு மூளை எங்கே போனதோ! எதைப் போட்டாலும் வெடிச் சத்தம், இரத்தம், பிணம். அண்ணி பாதியிலேயே எழும்பி அடுப்பு மூட்டக் குசினிக்குள் போய்விட்டார்.

"இஞ்ச பாத்தது காணாதே மச்சாள்? இதைப் பாக்க நான் பிளேன் ஏறிப் போகோணுமே? நான் போகமாட்டன்."

பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். விசா வந்த பிறகும் அதே கதைதான். அண்ணா அங்கே வீடு பார்த்து வைத்துக் காத்திருக்கிறார், இவர் இங்கே பெட்டியே அடுக்கவில்லை. தொலைபேசிக் கடைக்கு ஓடிப்போய் அண்ணாவைப் பிடித்தேன். "உங்களுக்கு மண்டைக்குள்ள என்ன இருக்கு? ஆரும் சாகாத படமாப் பாத்து அனுப்புங்கோ."

அனுப்பினார். ஆனாலும் அவரை நம்ப முடியாதே. நானே முதலில் இருந்து பார்ப்பேன். ஒருவரும் சாகாவிட்டால் உறையில் சிவப்புப் பொட்டு. செத்தால் கறுப்புப் பொட்டு ஒட்டி அலுமாரிக்குள் அடியில் தள்ளிவிடுவேன். ஞாயிறு பின்னேரங்களில் ஜெனரேற்றரைப் போட்டுச் சிவப்புப் பொட்டுப் படங்களைப் பார்ப்போம். பக்கத்து வீட்டு மாமியும் இருக்கக் கதிரையோடு வந்துவிடுவார்.

மலையடிவாரத்தில் பேக்கரி வைத்துப் பாண் சுடும் ஒருவனின் படம் அதில் ஒன்று. அந்த ஊரில் யார் யாரைக் கண்டாலும் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார்கள். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மாமிதான் தீர்ப்புச் சொன்னார்: "எல்லாம் ஒரே குடும்பம். இல்லாட்டி இப்பிடிக் கொஞ்சுவினமே?" உடனே முறை பிரித்தோம். தபால் கொண்டுவரும் பெண்ணை அவனுடைய தங்கச்சி ஆக்கினோம். கடைசியில் அவன் அவளையே கலியாணம் கட்டினான். மாமி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார். "ஐயோ, தங்கச்சி முறையெல்லோ! மூதேசி!"

அடுத்த முறை தொலைபேசியில் இதைச் சொன்னபோது அண்ணா மூச்சு வாங்கச் சிரித்தார். நாங்கள் கைகூப்புகிறதைப் போல அவர்கள் கொஞ்சுகிறார்களாம். அதைக் கேட்டு அண்ணியும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அதே படத்தைத் திரும்பப் போடச் சொன்னார். கலியாணத்துக்குப் பிறகு ஒரு காட்சி. சூப்பில் உப்புக் கூடிவிட்டதென்று அவன் முகத்தைச் சுழிக்கிறான், அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகிறாள், பிறகு இருவரும் அதையே குடித்து முடிக்கிறார்கள். அண்ணி அந்தக் காட்சியை இன்னொருக்கால் போட்டுப் பார்த்தார்.

"உப்புக்குச் சண்டை பிடிக்கிற சனம்தானே மச்சாள். அப்ப நானும் இருப்பன்."

அடுத்த மாதமே போனார். அவரை வழியனுப்பிவிட்டு வந்து நான் அழுத அழுகை! ஆனால் சந்தோசம்தான்.

வீட்டிலிருந்து பார்க்க நல்ல பிரெஞ்சுப் படம் சொல்லுங்கள் என்று இப்போது கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: குசினி வருகிற படமாகத் தேடுங்கள். யாராவது மரக்கறி வெட்ட வேண்டும், மழை பெய்ய வேண்டும், சின்னச் சண்டையொன்று சாப்பாட்டோடு தீர வேண்டும். பாஷை தெரியாவிட்டாலும் பாதகமில்லை. முறை மட்டும் பிரிக்காதீர்கள்.

அண்ணி போன பிறகு போர் திரும்ப மூண்டு முடிந்து, அகதி முகாமிலிருந்து வெளியே வந்து, நெளுக்குளத்தில் உறவினர் வீட்டில் நாங்கள் ஒதுங்கியிருந்தபோது பிரான்சிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அப்போதெல்லாம் கதவு அடித்துச் சாத்தினாலே எனக்கு உடம்பு நடுங்கும். தொலைக்காட்சிப் பக்கம் போவதேயில்லை. பார்சலுக்குள் உடுப்பு, சொக்லேற், அடியில் ஓர் இறுவட்டு. எனக்கு வேண்டாம் என்று தள்ளி வைக்கப் போனேன்.

உறையின் மூலையில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. அண்ணி எனக்காக முழுக்க இருந்து பார்த்திருக்கிறார்.