கால்காரம்மாவுக்குப் பிடிக்காத நடை

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் அவளுக்குப் பெயர் கால்காரம்மா. புதுக் கால் மாட்டியவரை நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பாள்; எங்கே எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று டேப் வைக்காமலே சொல்லிவிடுவாள். தெருவில் போகிறவர்களையும் விட்டுவைப்பதில்லை. கணவர் முதன்முதலில் வந்து பேச்சுக் கொடுத்தபோது, "உங்க செருப்பு இடது பக்கம் மட்டும் தேயுமே?" என்றுதான் கேட்டாளாம். அந்த மனிதர் அதிலேயே விழுந்துவிட்டார்.

இவளுக்கு வாய்த்த தம்பியோ அனிமேஷன் படம் வரைகிறவன். வருடா வருடம் உலகத்தின் பெரிய விருதுக்குப் போட்டியிடும் ஐந்து குறும்படங்களையும் அக்காவும் தம்பியும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, முதல் இடம் எதற்கு என்று மல்லுக்கட்டுவார்கள். அக்காவுக்குக் கதையெல்லாம் அப்புறம்தான். மனுஷனோ கரடியோ, ஒழுங்காக நடக்கிறதா என்பதுதான் முக்கியம். தம்பியின் முதல் படத்தைப் பார்த்து, "உன் ஆளு காத்துல நடக்குறான்டா" என்றாள். அவன் ஒரு மாதம் பென்சிலைத் தொடவில்லை.

இந்த வருடம் அந்த ஐந்தில் ஒன்று அவனுடையது. விருது வந்தால் வரட்டும், போனால் போகட்டும். அக்கா வாயால் ஒரு நல்ல வார்த்தை வேண்டும், அதுவும் தம்பி என்ற சலுகை இல்லாமல். அதில் தன்னுடையதும் ஒன்று என்று அவன் அக்காவிடம் மூச்சு விடவில்லை. பெயர்கள் வரும் பகுதிகளை வெட்டிவிட்டு ஐந்தையும் கொண்டுவந்தான். அக்காவின் கணவர் பேப்பரில் படித்துவிட்டிருந்தார்; வாயைத் திறக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

ஞாயிறு மதியம் மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். முதல் படத்தில் ஒரு நரி, பரவாயில்லை என்றாள். இரண்டாவதில் தபால்காரர் படியேறினார். "முட்டி மடங்குது பாரு, அதுக்கே முதல் இடம்!" மூன்றாவதில் வெறும் கடல். நடக்க ஆளில்லாததால் கண்ணயர்ந்துவிட்டாள். நான்காவதில் ஒரு பெண் வேலைக்குப் போகிறாள், பஸ் ஏறுகிறாள், காய் வாங்குகிறாள், அவளுக்குத் தலை நரைக்கிறது. ஐந்தாவதில் ரோபோ. காலெல்லாம் செய்து மாட்டியது, அது இவள் இனம், விட்டுக்கொடுப்பாளா?

"நாலாவதுதான் கடைசி" என்றாள்.

"ஏன்க்கா?"

"அவ இடுப்பைப் பாத்தியா? இடது பக்கம் தள்ளிக்கிட்டு, கையை மடக்கிக்கிட்டு... கால்ல ஒரு குறையும் இல்ல, தூக்கிட்டுப் போற சாமானும் இல்ல. அப்புறம் எதுக்குச் சாயறா? வரைஞ்சவனுக்கு நடையே தெரியல."

தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. கணவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சத்தியமாவது ஒன்றாவது.

"அடிப்பாவி, அது உன் தம்பி வரைஞ்ச உன் நடைடி! கல்யாணமான நாள்லேருந்து பாத்துட்டிருக்கேன்."

"நானா? ஊரு நடையைத் திருத்துற நானா?"

சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறை வரை போய்த் திரும்பினாள். நேராகத்தான் நடக்கப் பார்த்தாள், இடுப்பு கேட்கவில்லை. பாதியில் நின்றுவிட்டாள்.

"எப்போலேருந்துடா?"

"அம்மா ஷிஃப்ட்டுக்குப் போக ஆரம்பிச்சதுலேருந்துக்கா. உனக்கு ஒன்பது வயசு, எனக்கு ஒண்ணு. கீழ விட்டா அழுவேன்னு மூணு வருஷம் என்னை இடுப்புலேருந்து இறக்கியே விடலையாமே நீ. அம்மா சொல்லுவாங்க."

நான்காவது படத்தை மறுபடி போடச் சொன்னாள். பஸ் ஏறும் இடத்தில் அழுதாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை. கணவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், அவள் தொடவில்லை.

படம் முடிந்ததும் தம்பி மெல்லக் கேட்டான்: "இப்போ சொல்லுக்கா. நடை தப்பா?"

"தப்பே இல்லடா. வெயிட்டு எங்க விழணுமோ அங்கதான் விழுது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவ்ளோ கனம்டா நீ."