என் பேர் மட்டும் இல்லாத பாட்டு

கலியாண வீட்டில் கீபோர்ட் வாசிக்கிறவனை எல்லாரும் கேட்பார்கள், ஒருவரும் பார்க்கமாட்டார்கள்; கரண்ட் போனால் மட்டும் "அந்தப் பெட்டிக்காரர் எங்க?" என்று தேடுவார்கள். புத்தளத்திலிருந்து சிலாபம் வரை மேடை மேடையாய்ப் பெட்டி தூக்கிய சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் எனக்கு வந்த சோதனை உங்களில் யாருக்கும் வந்திராது.

நானும் அன்ரனும் ஒரே குழுவில் வளர்ந்தவர்கள். அவன் தலவிலப் பக்கத்து வேதக்காரன், பாடுவான். நான் தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் வந்தவன், புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்தவன், வாசிப்பேன். அவன் ஒரு வரியைப் பாடி நிறுத்தினால் நான் அக்கோடியன் சத்தத்தில் ஒரு சின்ன ஓட்டம் ஓட்டுவேன். அது முடிந்த பிறகுதான் அடுத்த வரியை எடுப்பான். பிறகு அவன் நீர்கொழும்பில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். சண்டை ஒன்றுமில்லை, கதை குறைந்துபோனது, அவ்வளவுதான்.

போனவன் ஒரு பாட்டுப் போட்டான். இந்தக் கரையில் பேர் எடுத்த பாட்டுக்காரர், வாத்தியக்காரர் எல்லாரையும் ஊர்ப் பேரோடு கூப்பிடுகிற துள்ளல் பாட்டு, பைலா. கற்பிட்டிக் கபூரின் வயலின், முந்தல் மரியானின் பேன்ஜோ, சிலாபத்துச் சிறிலின் கிற்றார் என்று அது பாட்டுக்குப் போகும். பஸ்ஸில் அது, த்ரீவீலில் அது, மீன்வாடியிலும் அதுதான். என் பேர் மட்டும் அதில் இல்லை. ஊர்ப் பேர் போடுவதற்கு எனக்கு ஓர் ஊர் இல்லை என்று விட்டுவிட்டானோ, இந்தக் கரைக்காரனாக என்னை அவன் நினைக்கவே இல்லையோ என்று மனம் கிடந்து அரித்தது. அந்த அரிப்போடு அதே பாட்டை ஒவ்வொரு மேடையிலும் வாசிக்கவேண்டியது என் தலைவிதி.

இறால் முதலாளியின் ஆறுதல்

முந்தலில் ஓர் இறால் பண்ணை முதலாளி மகளுக்குப் பிறந்தநாள் வைத்தார். கேக் வெட்ட முன்னமே அந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்றார். எங்கள் பாடகன் ரொஷான் வெளுத்து வாங்கினான். அந்தப் பாட்டில் கடைசிப் பேருக்குப் பிறகு நாலு தட்டுக்கு வெறும் ட்ரம்ஸ் மட்டும் நிற்கும். ஒலிப்பதிவு செய்தவர் எதையோ மறந்து விட்டதுபோல ஓர் ஓட்டை. மற்றக் குழுக்காரர் அந்த இடத்தில் கை தட்டச் சொல்வார்கள். எனக்குக் கை சும்மா இருக்காது, பழைய பழக்கத்தில் என் ஓட்டத்தை ஓட்டி அதை அடைத்துவிடுவேன்.

பாட்டு முடிந்ததும் முதலாளி மேடைக்கே வந்து, எல்லார் பேரும் வந்ததே, உங்கட பேர் எங்கே என்று மைக் பக்கத்தில் நின்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவருக்கு என்மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது. தோளில் தட்டி, அண்ணன் முறை வைத்துச் சொன்னார்:

"கவலப்படாதீங்க நானா, நீங்களும் நல்லாத்தான் வாசிக்கிறீங்க. இன்னும் கொஞ்சம் பழகினா உங்களயும் ஆராவது ஒரு பாட்டுல போடுவாங்க."

கோயில் மணி

இந்தப் பாட்டால் கரையில் ஒரு புது வழக்கமும் வந்தது. யாருடைய பேர் பாடப்படுகிறதோ அவருடைய சொந்தக்காரர் சபையில் இருந்தால் எழும்பி நின்று கை உயர்த்துவார்கள், மற்றவர்கள் விசில் அடிப்பார்கள். சிலாபப் பக்கம் ஒரு கலியாணத்தில் சிறிலின் பேர் வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் என்று பாதிச் சபை எழும்பியது. பெண் வீட்டார் கதிரையோடு ஒட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இடைவேளையில் பெண்ணின் மாமா, வெள்ளைச் சட்டையும் சிவந்த முகமுமாக, நேராக என்னிடம் வந்தார். அடுத்த முறை தங்கள் பெரியப்பாவின் பேரையும் சேர்த்துப் பாடவேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சபையில் தாங்கள் தலை நிமிர முடியாது என்றார். பெரியப்பா என்ன வாசித்தார் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். கோயில் மணி என்றார். நான் சிரிப்பை அடக்கியதை அவர் கண்டுவிட்டார்.

"மணியும் வாத்தியம்தானே தம்பி? எங்கட பெரியப்பா அடிச்சா மூண்டு ஊருக்குக் கேக்கும். உங்கட பெட்டி கேற்றுக்கு வெளியில கேக்குதா?"

பெரியப்பாவைச் சேர்த்துப் பாடினோம். மணிக்கு ஒரு பேர், எனக்கு இல்லை.

ஆலங்குடாவில் ஒரு படம்

ஆலங்குடாவில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்காக ஒரு ஹோட்டலில் பின்னேரங்களில் வாசிப்போம். ஒரு வெள்ளைக்காரப் பெண் நம்முடைய பாட்டைக் கேட்டுத் துள்ளிவிட்டாள். பாட்டுக்குள் பாட்டுக்காரரின் பேரை வைக்கிற பாட்டுகள் தங்கள் நாட்டிலும் நிறைய உண்டு, தனக்கு அவை என்றால் உயிர் என்று மனேஜரிடம் சொல்லி, இதில் வருகிற ஒவ்வொருவரும் யார் யார் என்று விசாரித்தாள். மனேஜர் சிங்களப் பொடியன் என்றாலும் நம்மைவிட நன்றாகத் தமிழ் கதைப்பவன். கபூர் என்றால் யார், மரியான் என்றால் யார் என்று அவளுக்குக் கதை கதையாய் அவிழ்த்துவிட்டான். கடைசியில் அவள் என்னைக் கைகாட்டி, இவர் இதில் எவர் என்று கேட்டாள்.

மனேஜர் ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தான். பிறகு அவளுக்கு என்னவோ சொல்ல, அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினாள். மனேஜர் என் காதில் சொன்னான்:

"நீங்கதான் கபூர் எண்டு சொல்லிட்டன் நானா. அவர் மவுத்தாகி மண்ணுக்குள்ள போய் எவ்வளவு காலம் எண்டு அவளுக்கு எங்க தெரியப்போகுது? சிரிங்க, படம் எடுக்கிறா."

வீட்டு விமர்சனம்

வீட்டில் சும்மா இருக்கும்போதும் என் விரல் மேசையில் அந்தப் பாட்டைத் தட்டும். என் மனைவி பரீதா மீன் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அன்ரனுக்குப் போனில் ஒரு கோல் எடுத்துக் கேட்டால் என்ன என்றாள். கேட்டு வாங்குகிற பேர் ஒரு பேரா என்றேன். அதற்கு அவள்:

"பேர் இல்லாததுக்கே இந்தப் பாடு. பேர் இருந்திருந்தா உங்களோட ஆரு குடும்பம் நடத்துற?"

தலவிலத் திருநாள்

தலவிலத் திருநாளுக்கு அன்ரன் ஊருக்கு வந்திருந்தான். அவனுடைய சொந்தக்காரர் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் குழுதான் வாசித்தது. பந்தலில் அவனைக் கண்டதும் சபை விடவில்லை, மைக்கை அவன் கையில் திணித்தார்கள். அவனும் அந்தப் பாட்டையே எடுத்தான். இன்றைக்கு அந்த ஓட்டையை நான் அடைக்கமாட்டேன், அவனே அடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பேர் வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். நாலு தட்டும் வெறுமனே போயின. அன்ரன் அடுத்த வரியை எடுக்கவில்லை. இன்னும் நாலு தட்டுப் போயிற்று. அவன் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். சபை சிரிக்கத் தொடங்கியது. அவன் சிரிக்கவில்லை. என் கை தானாகப் போய் அந்த ஓட்டத்தை ஓட்டியது. அது முடிந்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

சாப்பிட்டு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, பாட்டில் என் பேரை ஏன் விட்டாய் என்று கேட்டேவிட்டேன். அன்ரன் கோப்பையைக் கீழே வைத்தான். ஒலிப்பதிவில் வாசித்த நீர்கொழும்புக்காரன் அந்த இடத்தை நிரப்பப் பார்த்ததாகவும், கையை எடு, அதற்கு ஆள் இருக்கிறது என்று தான் தடுத்ததாகவும் சொன்னான். கலியாண வீடியோக்களில் நான் அந்த இடத்தில் வாசிப்பதைப் பார்த்து, எனக்கு விளங்கிவிட்டது என்று இவ்வளவு காலமும் சந்தோஷமாக இருந்திருக்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தேத்தண்ணி சுட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன். அவன் விடவில்லை.

"மத்தவங்களுக்கு ஊர்ப் பேரோட பேரப் போட்டன். உனக்கு இடத்தையே விட்டு வச்சிருக்கன், மச்சான். வேற ஆரு வந்து அதில வாசிக்கிறது?"

முந்தல் முதலாளி இன்றைக்கும் என் பேர் எங்கே என்று கேட்கிறார், நானும் இன்னும் கொஞ்சம் பழகவேண்டும் முதலாளி என்று சொல்லிவிட்டு அந்த நாலு தட்டுக்காகக் காத்திருக்கிறேன்.