பதினைந்தாவது ஆள்

மர அறுவைப் பட்டறையில் அவரை எல்லோரும் ஊமையண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊமையெல்லாம் இல்லை. கேட்டதற்குப் பதில் வரும், அதற்கு மேல் ஒரு சொல் வராது. ரம்பத்துக்குப் பலகையைத் தள்ளிக் கொடுப்பதும், சாயங்காலம் மரத்தூளைக் கூட்டி மூட்டை கட்டுவதும் அவர் வேலை. அறுபத்தாறு வயது. தலையில் நரை எது, தூள் எது என்று தெரியாமல்தான் வீடு திரும்புவார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் ரயில்வே கேட் கீப்பர் என்பது பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் காலை ஏழு மணிக்கு, வேலை நேரத்தில், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். கேட் திறந்து கிடந்தது. வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்த பஸ் தண்டவாளத்தில் ஏறியது. ரயிலும் வந்தது.

இரண்டு வருஷம் ஜெயில். வெளியே வந்ததும் ஊரின் மறுகோடிக்குக் குடிமாறி, புருஷனும் பெண்டாட்டியும் வாயைக் கட்டிக்கொண்டு ஒரே மகளை வளர்த்தார்கள். மகளைக் கொடுத்த இடத்தில் மாப்பிள்ளைக்கு மட்டும் விஷயம் தெரியும். சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது.

விபத்து நடந்து முப்பது வருஷமான அந்த வருஷம் பட்டறைச் சுவரில் யாரோ ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஊர் வரலாற்று மன்றம் போட்ட நோட்டீஸ். ஞாயிறுதோறும் நூலகத்து மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். பழைய கட்டடங்களைப் படம் எடுப்பார்கள், ஒரு தெருவுக்குப் பெயர் எப்படி வந்தது என்று வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போடுவார்கள், எரியாத விளக்குக்கும் உடைந்த நடைபாதைக்கும் நகராட்சிக்கு மனு எழுதுவார்கள். இப்போது கேட் விபத்தில் இறந்த பதினான்கு பேருக்கு நினைவுக்கல் வைக்கப்போகிறார்களாம். பெயர்ப் பட்டியலில் பிழை இருந்தால் வந்து சொல்லலாமாம்.

பதினான்கு பெயரையும் விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். ஓர் ஆள் குறைந்தது.

போய்ச் சொல்லப்போவதாக வீட்டில் சொன்னதும் மனைவி அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்தாள்.

"போகாதீங்க. உங்களுக்கென்ன, சொல்லிட்டு வந்துடுவீங்க. நம்ம பொண்ணு அங்க குடித்தனம் பண்ணணும்."

"அந்தம்மா பேர் இல்ல."

"உங்களுக்கு மட்டும் அவ பேர் தெரியுமா?"

தெரியாது. கேட்டுக்குப் பக்கத்தில் சாக்குப்பையோடு காகிதமும் பாட்டிலும் பொறுக்கித் திரிந்தவள் அவள். அவர் அக்கா என்பார். அவளுக்கு அவர் பெயர் 'கேட்டு'. "ஏ கேட்டு, கொஞ்சம் வெந்நீ குடு" என்று காலையில் தகரக் குவளையை நீட்டுவாள். அவ்வளவுதான் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனார். நூலக மாடியில் நீள மேஜை, அதைச் சுற்றி மடக்கு நாற்காலிகள். தலைவராக மருந்துக்கடைக்காரர். செயலாளர் தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒரு தையல்காரர். ஆறு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி அந்தப் பெயர்களைச் சேர்த்தவர். ஏழாவது பெயர் அவருடைய தங்கை.

"இன்னும் ஒருத்தர் இருக்காங்க," என்றார் ஊமையண்ணன், வாசல் பக்கம் நின்றபடியே.

தையல்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "ஆஸ்பத்திரிக் கணக்கு, போலீஸ் கணக்கு எல்லாம் பார்த்தாச்சுங்க. பதினாலுதான்."

"பதினாலு உடம்பை வாங்கிட்டுப் போக ஆள் வந்தாங்க. அந்தம்மாவுக்கு யாரும் வரல. பஸ்ஸுல வந்தவங்க இல்ல. ரயில் வர்றதைப் பார்த்துட்டு, பஸ்ஸை நிறுத்தறதுக்காகக் கையை வீசிக்கிட்டே குறுக்க ஓடினாங்க. அவங்க போட்ட சத்தத்துலதான் நான்..." நிறுத்திக்கொண்டார்.

"நீங்க பஸ்ஸுல இருந்தீங்களா?"

"இல்லைங்க. கேட்டுல."

செயலாளர் அம்மாவின் பேனா நின்றது. மருந்துக்கடைக்காரர் எழுந்தார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

தையல்காரர் பட்டியலை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "நீயா?" என்றார். அந்த நிமிஷத்தோடு மரியாதை போய்விட்டது. "நீ குடிச்சிருந்தேன்னு சொன்னாங்களே."

"குடிக்கல. தூங்கிட்டேன். முந்தின நாள் காலையிலேர்ந்து நான் ஒருத்தன்தான். மாத்த வர்றவன் வரல."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. கேட்டீங்க, சொன்னேன்."

தையல்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அடிக்கப்போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். "தங்கச்சி ஜன்னலோரம் வேணும்னு கேட்டா," என்றார், யாரையும் பார்க்காமல். "நான்தான் கைக்குட்டை போட்டு இடம் பிடிச்சுக் கொடுத்தேன். அந்தப் பக்கந்தான் ரயில் மோதிச்சு." பிறகு எழுந்து, ஊமையண்ணனின் தோளில் படாமல் ஒதுங்கி, படியிறங்கிப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்துச் செயலாளர் அம்மா பட்டறைக்கே வந்தாள். சுடுகாட்டுப் பழைய பதிவேட்டை நகராட்சிக் கிடங்கில் தேடி எடுத்திருந்தாள். விபத்து நடந்த மூன்றாம் நாள் ஒரு வரி: பெண், வயது சுமார் நாற்பது, உரிமை கோர ஆளில்லை, ரயில்வே கேட்.

"நீங்க சொன்னது சரிதான். கல்லுல ஒரு வரி சேர்க்கிறோம். பெயர் தெரியாத ஒரு பெண்னு."

"பஸ்ஸை நிறுத்த ஓடினாங்கன்னு..."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்கு உங்க வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இல்லையே. உங்க வாய்ச்சொல்லைக் கல்லுல வெட்ட செத்தவங்க குடும்பங்க சம்மதிக்கல. மன்றத்துக் கோப்புல எழுதி வெச்சுக்கறேன். அப்புறம்..."

"நான் திறப்பு விழாவுக்கு வரக்கூடாது. அதானே? வர மாட்டேன்மா."

அவர்கள் பேசியது ரம்பச் சத்தத்தையும் மீறிக் கேட்டது; அன்று தூங்கிப்போன கேட் கீப்பர் அவர்தான் என்பது சாயங்காலத்துக்குள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலாளி நல்ல மனுஷன், கோபப்படவில்லை. மறுநாள் காலை பக்கத்தில் வந்து, "இனிமே ரம்பத்துக்கிட்ட வேண்டாம் அண்ணே. கண்ணசந்தா வம்பு. நீங்க தூள் மட்டும் கூட்டுங்க," என்றார். இருபத்தொரு வருஷம் அதே ரம்பத்தடியில் நின்ற மனுஷர், தலையை ஆட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

அந்த வாரமே செய்தி சம்பந்தி வீட்டுக்கும் எட்டிவிட்டது. மகள் போனில் அழவில்லை. குழந்தையை இனி தாத்தா வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டாளாம். இத்தனை வருஷம் மறைத்து ஏமாற்றிய குடும்பம் என்று தினமும் குத்திக்காட்டுகிறாளாம். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லையாம்.

போனை வைத்துவிட்டு மனைவி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"செத்துப்போன எவளுக்கோ ஒரு வரி வாங்கிக் கொடுத்துட்டீங்க. உயிரோட இருக்கறவ தலையில கல்லைப் போட்டுட்டீங்க."

அதற்கப்புறம் தட்டில் சோறு வைப்பாள், பேச மாட்டாள்.

கல் திறந்த அன்று அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டு வாரம் போனதும், கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தார். தையல்காரரின் தங்கை பெயருக்கு எட்டு வரி கீழே, கடைசியில், மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் சின்னதாக அந்த வரி இருந்தது. இடம் போதவில்லை போலிருக்கிறது. நான்கு நிமிஷம் நின்றிருப்பார். தெருவில் யாரோ வரவும் நடையைக் கட்டினார்.

மூன்று மாதம் கழித்து மகள் தனியாக வந்தாள். குழந்தை இல்லை. அடுப்படியில் அம்மாவோடு ஒரு மணி நேரம் தாழ்ந்த குரலில் பேசினாள். அப்பா இருந்த அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. கிளம்பும்போது செருப்பில் ஒரு காலை நுழைத்தவள், அப்பாவின் அறைப் பக்கம் திரும்பி நின்றாள்.

"அந்தம்மா பார்க்க எப்படி இருப்பாங்கப்பா?"

அவர் யோசித்துச் சொன்னார். "ஒல்லியா இருப்பாங்க. மேல்வரிசையில ஒரு பல் இல்ல. வெந்நீ வாங்கிட்டா உடனே போக மாட்டாங்க, சும்மா கொஞ்ச நேரம் நிப்பாங்க."

மகள் கேட்டுக்கொண்டாள். இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு, மறுபடி எப்போது வருவாள் என்று சொல்லாமலே தெருவில் இறங்கி நடந்தாள்.