ராமாத்தாள் அக்கா அறியாமல் ஆடிய மூன்று பாட்டு

ஆடி மாதம், காலை நேரம். சோமனூரில் என் மகள் வீட்டில் நான் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு ஒருவன் கத்தினான். நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்ததால் வாய் அசைவதுதான் தெரிந்தது. மகள் தறியை நிறுத்திய பிறகுதான் ஆளும் புரிந்தது, சேதியும் புரிந்தது. வந்தவன் ராமாத்தாள் அக்காவின் தங்கை மகன் பழனிச்சாமி.

"பெரியம்மா விடியால போயிட்டாங்க. பொழுதோட எடுக்கறாங்க" என்றான். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நல்லவேளைங்க, கம்பம் நடாத மாசமாப் போச்சு" என்றான்.

அந்தப் பேச்சு என்னை அறுத்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது விளங்காது. எங்கள் ஊரில் மாரியம்மன் பொங்கலுக்கு முக்கிளைக் கம்பம் ஒன்றை வெட்டி வந்து கோயில் முன் நடுவார்கள். அது ஆத்தாளுக்குப் புருஷன். கம்பம் நிற்கும் பதினைந்து நாளில் ஊருக்குள் சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும் வரை பூசை இல்லை, கொட்டு இல்லை, மாவிளக்கு இல்லை. அதனால் அந்த நாட்களில் சாகக் கிடப்பவர்களைக்கூட எங்கள் ஊர் முறைத்துப் பார்க்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். மாலை போட்டுவிட்டு நிமிர்வதற்குள் பின்னால் ஒரு பேச்சு காதில் விழுந்தது.

"யாரு, புருசன் செத்தன்னிக்குக் கும்மி அடிச்சாங்களே, அவங்களா?"

"அவங்களேதான்."

கேட்டவள் இருபது வயதுப் பெண். அக்காவின் புருஷன் செத்த அந்தப் பொங்கலன்று அவள் பாவாடை கட்டிய பிள்ளையாக இருந்திருப்பாள். ஒரு மனுஷி செத்துக் கிடக்கும்போதும் ஊர் அவளுக்கு வைத்திருந்த பெயர் அதுதான். மாதர் சங்க மலருக்கு அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அந்தப் பெயரை அழிக்கத்தான் எழுதுகிறேன். அவரோடு கும்மி வட்டத்தில் நின்ற நீங்கள் எல்லாரும் படிக்க வேண்டும். உங்களில் ஒருத்தியான நல்லம்மாளும் படிப்பாள். படிக்கட்டும்.

அக்கா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். அதற்கு முன் எங்கள் ஊர்க் கும்மி என்றால் குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, வலப்பக்கம் ஓர் அடி. உலக்கை போடுகிற மாதிரி இருக்கும். வட்டத்துக்குள்ளே ஓர் அடி வைத்துப் பின்வாங்கும் வகையை அவர்தான் கொண்டுவந்தார். அதில் இடது கால் மட்டும் கொஞ்சம் தாமதித்துத்தான் தரையில் விழும். ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"அது எங்க பெரியாத்தா காலு அம்மணி" என்றார்.

அவருடைய பெரியாத்தாவுக்கு இடது கால் சூம்பியிருந்ததாம். ஆனால் பாட்டெடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அதனால் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவர் கால் விழும் வரை காத்திருந்து தங்கள் காலை வைத்தார்கள். அவர் போய் எத்தனையோ வருடமான பிறகும் அந்த ஊரில் நல்ல கால் உள்ளவர்கள் அப்படியேதான் வைக்கிறார்களாம். "யாருமே நொண்டின்னு சொல்லுல. கும்மியே அப்படித்தான்னு நெனச்சுப்போட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். நம் ஊரில் நீங்கள் இன்று வைக்கும் இடது காலும் அந்த அம்மாவுடையதுதான்.

அவருடைய வீட்டுக்காரர் மாரப்பன் மதுக்கரையில் லாரிக்குச் சுமை ஏற்றிக்கொண்டிருந்த நாலு வருடம் அக்காவும் அங்கே குடியிருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு மலையாளத்து அம்மா. ஓணத்துக்கு அவர்கள் விளக்கை நடுவில் வைத்துக் கைகொட்டி ஆடுவதைப் பார்த்து, இடுப்பை ஒடிக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து திரும்புவதை அக்கா கற்றுக்கொண்டார். பதிலுக்கு அந்த அம்மாவுக்கு நம் குனிந்த தட்டைச் சொல்லிக்கொடுத்தார். "அவ தண்ணியாட்டம் ஆடுவா, நாம மண்ணாட்டம் ஆடுவோம். ரெண்டும் கலந்தாத்தான் நாத்துப் புடிக்கும்" என்பார்.

புதிதாக வந்த மருமகள் ஒருத்தி தட்டுத் தப்பியபோது நல்லம்மாள் அவளைப் பிடித்து வெளியே தள்ளப் போனாள். அக்கா பாட்டை நிறுத்தாமலே, "அவ ஒருத்தி செரியாத் தட்டறா நல்லம்மா, நீங்க நாலு பேருந்தான் ஒத்துமையாத் தப்பறீங்க" என்றார். வட்டமே சிரித்தது. நல்லம்மாள் சிரிக்கவில்லை.

"எதுத்தாப்புல நிக்கறவதான் கண்ணாடி" என்பது அவர் அடிக்கடி சொன்னது. பதினோரு வருடம் அவருக்கு எதிரே நின்றவள் நான். அந்தக் கண்ணாடி என்ன செய்தது என்று சொல்கிறேன்.

அந்தப் பொங்கலின் மாவிளக்கு நாள், மதியம். மாரப்பனுக்கு மூச்சிரைக்கும் ஈளை நோய் முற்றியிருந்தது. அக்கா கும்மிக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னார். அழைக்கப் போன என் காதுபடவே மாரப்பன், "நீ போயிட்டு வா. நீ இங்க உக்காந்துட்டா எனக்கென்ன மூச்சு நிக்காம வருமா? பாட்டுக் கேட்டுக்கிட்டே கெடக்கறேன்" என்றார். அவர் வீடு கோயிலிலிருந்து நாலாவது சந்து. அக்கா அவருக்குக் கஞ்சி வைத்துவிட்டு வந்தார்.

ஐந்தாவது பாட்டு முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது நல்லம்மாள் வந்து என் பக்கத்தில் நுழைந்தாள். அவள் வீடு அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு. என் காதோடு சொன்னாள்:

"மாரப்பண்ணன் போயிட்டாரு. தர்மகர்த்தாகிட்டச் சொல்லிப்போட்டேன். கதவுக்குக் கொண்டி போட்டு வெச்சிருக்குது. மாவிளக்கு எடுக்கறவரைக்கும் மூச்சு உட்டுறாதே."

தர்மகர்த்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதட்டில் விரல் வைத்தார். சுற்றிலும் ஊர்கொள்ளாத ஒரம்பரை, வெளியூர்ச் சொந்தபந்தம். தட்டுகளில் மாவு இடித்து நெய் ஊற்றித் திரியும் போட்டாகிவிட்டது. இப்போது அக்கா ஓலமிட்டால் எல்லாம் நின்றுபோகும்.

நான் கும்மி அடித்தேன்.

ஆறாவது பாட்டில் அக்கா எதிரிலிருந்து, "ஏன் அம்மணி, உன்ற கையில சத்தமே வரக்காணமே?" என்று கேட்டார்.

"கை நோவுதுங் அக்கா" என்றேன்.

ஏழாவது பாட்டும் ஆயிற்று, எட்டாவதும் ஆயிற்று. மாவிளக்குத் தட்டுகள் கோயிலுக்குள் போயின. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "இன்னைக்குத்தான் வட்டம் வட்டமா இருந்துச்சு" என்றார். சிரித்த முகத்தோடு அந்தச் சந்துக்குள் போனார்.

ஊருக்காக மறைத்தது நாங்கள். பேச்சு விழுந்தது அக்காவின் மேல். கருமாதி முடிவதற்குள்ளேயே, "புருசன் விறைச்சுக் கெடக்கறான், இவளுக்குக் கும்மி கேட்குது" என்று வாய்க்கு வாய் வந்துவிட்டது. முதலில் சொன்ன வாய் நல்லம்மாளுடையது. தான் கதவைச் சாத்தியது வெளியே வராமலிருக்க அவளுக்கு அந்தப் பேச்சு வேண்டியிருந்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு அக்கா வெள்ளைச் சேலையோடு வட்டத்துக்கு வந்தார். தர்மகர்த்தா கையை நீட்டித் தடுத்தார். அக்கா குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்:

"ஏனுங், நாளைக்குக் கம்பத்தைப் புடுங்கிப்போட்டா ஆத்தாளுக்கும் வெள்ளைச் சேலைதானுங்களே? அவளையும் வெளிய நிக்கச் சொல்லுவீங்களா?"

தர்மகர்த்தா சொன்னார்: "ஆத்தாளுக்கு வார வருசம் வேற கம்பம் நடுவோம். உனக்கு நடுலாமா?"

ஆண்கள் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியும். அக்கா திரும்பி நடந்தார். அதன் பிறகு அவர் கைதட்டி யாரும் கேட்கவில்லை. அந்தத் தர்மகர்த்தா செத்தபோது நான் போகவில்லை.

போன தை மாதம் மனம் தாளாமல் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"மூணு பாட்டா?" என்றார்.

"ஆமாங்க்கா."

"மொதப் பாட்டுலயே சொல்லியிருந்தீன்னா அவரு கை சூடா இருந்திருக்கும்." கையிலிருந்த கடலையைக் கீழே வைத்துவிட்டு, "நா போறப்ப வெரலெல்லாம் மடங்கி வெறைச்சுப்போச்சு. நீவி நீவிப் பார்த்தேன், விரியவே இல்ல" என்றார்.

நான் அழுதேன். "இங்க அழாத" என்றார். எழுந்துபோய் டீ வைத்துக் கொண்டுவந்து தந்தார். குடித்து முடித்ததும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயிட்டு வாங்க" என்றார். வயதில் எனக்கு மூத்தவர், அதுவரை என்னை வா போ என்றே பேசியவர். அதுதான் கடைசிப் பேச்சு.

இப்போது எல்லாருக்குமாகச் சொல்கிறேன். புருஷன் செத்தது தெரிந்து ராமாத்தாள் கும்மி அடிக்கவில்லை. அந்த மூன்று பாட்டு நேரமும் அது தெரிந்திருந்தவர்கள் மூன்றே பேர். தர்மகர்த்தா ஒருவர், நல்லம்மாள் ஒருத்தி, மூன்றாவது ஆள் நான். இனி அந்தப் பேச்சை எடுப்பவர்கள் எங்கள் பெயரைச் சொல்லி எடுக்கட்டும்.

அன்று அக்காவை எடுக்கும்போது பெண்கள் ஒப்பாரிக்கு வட்டம் கட்டினார்கள். நல்லம்மாள் தன் எதிரில் எனக்கு இடம் விட்டு, "வா, எதுக்கால நில்லு" என்றாள். நான் போகவில்லை. "நமக்கு எழுபது வயசாச்சு, இன்னும் என்ன வெஞ்சினம்? அக்காளே எல்லாத்தையும் மறந்துதான் போயிருப்பாங்க" என்றாள்.

அக்கா மறக்கவில்லை. என்னை மன்னிக்கவும் இல்லை. அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். என் காலம் முடியும் வரை அதை நான் வைத்துக்கொள்வேன்.