வேறு கிளைகள் இல்லை

கும்பகோணத்துக் கடைப் பலகைகளில் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை." அதை எங்கே பார்த்தாலும் எனக்கு என் அண்ணன் மனைவியின் நினைவு வந்துவிடும். எங்கள் வழக்கில் மச்சி. பித்தளைக் கடை வாசலில் ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு, பலகை எழுதுகிறவரிடம், "டாட் இன் பெருசா தெரியணும், அண்ணே. கடைப் பேரு அளவுக்கே இருக்கட்டும்" என்று மச்சி சொன்ன அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அண்ணன் அப்போது ஷார்ஜாவில் வேலையில் இருந்தார். மச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினார். கணவன்மார் அரபு நாடுகளில் இருக்கும் பெண்கள் வந்து திரையில் முகம் பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள். அவர்கள் பேச்சு எல்லோர் காதிலும் விழும். நம்மூர் பித்தளைக் காப்பி ஃபில்டரை யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்காத ஆளே இல்லை. வீடுகளுக்கே இணைப்பு வரத் தொடங்கியதும் சென்டரில் கூட்டம் குறைந்தது. "மூடிட்டுக் கிளம்பி வா" என்றார் அண்ணன். அங்கே ஓர் அறைக்குள் அடைந்து கிடப்பதை நினைத்தாலே மச்சிக்கு மூச்சு முட்டும். கடை நிற்க வேண்டுமானால் புதிதாக ஒரு தொழில் வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் இந்தியாவுக்கான டாட் இன் இணைய முகவரியை யார் வேண்டுமானாலும் எளிதாகப் பதிவுசெய்யலாம் என்று ஆனது. ஊர்க் கடைகளுக்கு அந்த முகவரியில் இணையதளம் செய்து தரப்போவதாக மச்சி சொன்னார். அண்ணன் தொலைபேசியிலேயே குதித்தார்.

"டாட் காம்தான் உலகம் பூரா ஓடுது. இதை யாரு சீண்டுவா?"

மச்சி அசரவில்லை. "டாட் காம்ல நல்ல பேரையெல்லாம் எவனெவனோ எடுத்துட்டான். நம்ம பேருல கோடு போட்டு, நம்பர் சேத்துத்தான் வாங்கணும். இதுல கடைப் பேரு கடைப் பேராவே கெடைக்குதுங்க. துபாய்ல இருக்கிறவரு கும்பகோணத்துச் சாமான் கேட்டா, அது இங்கேருந்து வரணும்னுதானே நினைப்பாரு?"

பெருநாள் வரை பொறுப்பதாக அண்ணன் சொன்னார். அதற்குள் வியாபாரம் பிடிக்கவில்லையென்றால் மச்சிக்கு விசா எடுத்துவிடுவாராம்.

நானும் மச்சியும் தெருத்தெருவாக அலைந்தோம். வெற்றிலை மண்டிக்காரர் உட்காரவைத்து மோர் கொடுத்தார், வேலை கொடுக்கவில்லை. பித்தளைக் கடை முதலாளி மட்டும் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரி, பாயம்மா. வெப்சைட்டும் ஒரு கிளைதானே? எங்கப்பா காலத்துலேருந்து வேறு கிளை இல்லைன்னு போர்டு தொங்குது. அது பொய்யாயிடுமே."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தெருவைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். மச்சி சிரிக்கவில்லை, நியாயமான கேள்விதான் என்று யோசித்தார்.

"அப்ப அந்த வரியையே முதல் பக்கத்துல மேல போட்டுடுவோம், ஐயா. எந்த நாட்டுலேருந்து கேட்டாலும் சாமான் இந்தக் கடையிலேருந்துதான் போகும். கடைசியில வர்ற அந்த டாட் இன் கூட அதைத்தானே சொல்லுது?"

முதலாளி பலகையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப செய்யுங்க" என்றார்.

பெருநாளுக்கு முன்பே சிங்கப்பூரிலிருந்து ஒருவர் குத்துவிளக்கு கேட்டு எழுதினார். போலிகளை வாங்கி அலுத்துப்போனவராம். வேறு கிளை இல்லை என்ற வரியைப் படித்த பிறகுதான் நம்பிக்கை வந்ததாம். செய்தி தெரு முழுக்கப் பரவியது. மோர் கொடுத்த மண்டிக்காரர் தாமே சென்டரைத் தேடி வந்தார், பிறகு பட்டுக் கடைக்காரர்கள் வந்தார்கள். விசாப் பேச்சு அதோடு நின்றது. நாட்டின் பெயரில் முடிகிற முகவரிக்குச் சந்தை உண்டா என்று பெரிய ஊர்களில் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வருகிறது. மச்சிக்காக வருகிற தலைக்கனம், வந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணன் இப்போது ஊரோடு வந்துவிட்டார். மச்சியின் கடையில் உட்கார்ந்து தொலைபேசியில் பதில் சொல்கிறார். போன மாதம் நான் போயிருந்தபோது, "தஞ்சாவூர்லயும் ஒண்ணு போட்டா என்ன?" என்று கேட்டார்.

மச்சி எழுந்தார். அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, தன் கடைப் பலகையை நோக்கிக் கையை மட்டும் நீட்டினார். டாட் இன் என்று முடிகிற பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் அந்த வரி.