பரக்கத் அலி படித்த பேப்பர்

உறையூர்ச் சுருட்டுக் கொட்டகையில் பரக்கத் அலிக்கு ஒரே வேலைதான். உயரமான முக்காலியில் உட்கார்ந்து சத்தமாகப் பேப்பர் படிப்பது. கீழே இருபது பேர் புகையிலை நரம்பைக் கிள்ளிக்கொண்டும் சுருட்டிக்கொண்டும் கேட்பார்கள். அவர் பங்குச் சுருட்டை ஆளுக்குக் கொஞ்சமாக அவர்களே சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள். இருபது பேரில் ஒருவருக்கும் எழுத்து தெரியாது. பாய்க்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

ஏனென்றால், புதுசாக வந்த எதுவும் பாய்க்கு ஆகாது. நயா பைசா ஆகாது, கிலோ ஆகாது, கூட்டுறவுப் பண்ணை ஆகவே ஆகாது. பிரதமர் பேரைக் கேட்டாலே பித்தம் தலைக்கேறும். "பத்திரிகைக்காரன் பூரா பிரதமருக்கு விசிறி வீசுறவன். அவன் மறைச்சதையும் சேர்த்துப் படிக்கிறவன்தான் நான்" என்பார். மறைத்தது எது என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

ஜனாதிபதி டில்லியில் ஒரு கூட்டத்தில், தம் அதிகாரம் எதுவரை என்று ஆராய்ந்து பார்க்கலாமே என்று பேசியிருந்தார். பேப்பரில் இருந்தது அவ்வளவுதான். பாய் படித்தபோதோ, ஜனாதிபதி பிரதமரைக் கூப்பிட்டு நிற்கவைத்து, "யாரைக் கேட்டுச் சீனாக்காரனோட கை குலுக்கினீங்க?" என்று அரைமணி நேரம் விளாசித் தள்ளினார்.

"ஸ்ரீரங்கத்துப் பெருமாள் பள்ளிகொண்டிருந்தா அது அவருக்கு அழகு. ஜனாதிபதியும் படுத்தே இருந்தா நாடு என்னாகும்?" என்று தன் சரக்கையும் சேர்த்து முடித்தார். கொட்டகையே கைதட்டியது. சின்னையா மட்டும் தட்டவில்லை. அவர் மகன் அழகிரி பட்டாளத்தில் இருந்தான்.

"சண்டை கிண்டை வருமா பாய்?"

"இந்தப் பிரதமர் இருக்கிற வரைக்கும் வராம என்ன செய்யும்?"

அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சீனாக்காரன் பாயின் வாயில் ஏழெட்டுத் தடவை எல்லை தாண்டினான்.

அப்புறம் ரோசரி வேலைக்கு வந்தாள். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள். முந்தின நாள் பேப்பரை நறுக்கிச் சுருட்டுக் கட்டுகளுக்குச் சுற்றுவது அவள் வேலை. அந்தப் புண்ணியவதி, நறுக்குவதற்கு முன்னால் ஒரு வரி விடாமல் படித்தாள்.

ஒரு நாள் காலையில் கத்தரிக்கோலோடு எழுந்து நின்றாள். "பாய், பிரதமர் ராஜினாமா எழுதி ஜனாதிபதி கையில குடுத்துட்டாருன்னு நேத்து படிச்சீங்களே. எல்லாப் பக்கத்துலயும் தேடிட்டேன், காணோமே?"

"அது அடுத்த பதிப்புல வந்திருக்கும்மா."

"இது நீங்க படிச்ச அதே பேப்பர்தான் பாய். உங்க மூக்குப்பொடிக் கறை இருக்கு பாருங்க."

அன்றைக்கே முக்காலி கைமாறியது. ரோசரி ஜெபப் புத்தகம் படிக்கிற மாதிரி உள்ளதை உள்ளபடி படித்தாள். கொட்டகை கொட்டாவி விட்டது. பாய் கீழே உட்கார்ந்து, நடுவில் வயிறு பெருத்த சுருட்டுகளாகச் சுருட்டித் தள்ளினார். அவர் எதற்காவது வாய் திறந்தால் போதும், "இது பேப்பர்ல இருக்கா, உங்க வாயில இருக்கா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். மனிதர் உள்ளுக்குள் நொந்து நூலாகிப் போனார். இருபது வருஷம் உட்கார்ந்த இடம் அல்லவா?

அறுபத்திரண்டு ஐப்பசியில் சீனாக்காரன் நிஜமாகவே எல்லை தாண்டினான். 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்று சொல்வதற்காகவே பாய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். சொல்ல வாயைத் திறந்தவர், சின்னையாவின் கை இலையோடு அப்படியே நின்றுபோனதைப் பார்த்தார். அழகிரி சீன எல்லையில் தவாங் பக்கம் இருந்தான். கடிதம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பாய் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

தீபாவளி நெருங்கிய வாரம். பேப்பரைப் பிரித்த ரோசரி உடனே அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"படிம்மா" என்றார் சின்னையா.

அவள் இறங்கி வந்து பேப்பரைப் பாய் கையில் கொடுத்துவிட்டாள். பாய் முக்காலியில் ஏறினார். தவாங்கை விட்டு நம் படை பின்வாங்கியது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

"தவாங்கில் நம் படை அசையாமல் நிற்கிறது. ஜவான்கள் அனைவரும் நலம். பனி அதிகம் என்பதால் தபால் மட்டும் தாமதம். கம்பளி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் பிரதமர் முன்கூட்டியே சிறப்பாக ஏற்பாடு செய்திருக்கிறார். பிரதமரின் தீர்க்கதரிசனத்தை ஜனாதிபதி வெகுவாகப் பாராட்டினார்."

ரோசரி குனிந்த தலை நிமிராமல், "ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள்.

சின்னையா இலையைக் கீழே வைத்துவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க பிரதமரைப் புகழ்ந்தப்பவே தெரிஞ்சுபோச்சு பாய், இது பேப்பர்ல இல்லைன்னு" என்றார். "பரவாயில்ல. இன்னொரு தடவை படிங்க."